எட்டு ஆண்டு ‘நார்மல்’ அறிக்கைகளுக்குப் பின் கல்லீரல் சுருக்கம்: நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் நோயாளி தனி ஒருவர் அல்லர். நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் நோய் வரலாற்றையும் பரிசோதனைப் போக்கையும் ஒரே ஆளின் கதையாகக் கோத்து, பயிற்றுவிப்பதற்காக அமைத்த நிகழ்வு இது. நோயாளியின் எண்கள் அந்த நோக்கத்துக்காக வகுக்கப்பட்டவை. அவற்றை எடைபோடப் பயன்படும் வரம்புகளும் சூத்திரங்களும் மேற்கோளாக வரும் ஆய்வுகளும் உண்மையானவை.

வந்த நிலை

கோவைக்கு அருகே லேத் பட்டறையில் வேலை செய்யும் 46 வயது ஆண், ஐப்பசி மழைக்காலத்தில் நான்கு நாள் காய்ச்சலோடும் கடும் உடல்வலியோடும் சேர்க்கப்பட்டார். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை பாசிட்டிவ். ஐந்தாம் நாளில் தட்டணுக்கள் 61,000 வரை இறங்கின; கல்லீரல் நொதிகளில் எஸ்.ஜி.ஓ.டி. 142, எஸ்.ஜி.பி.டி. 78 என இருந்தன. டெங்குவில் இவை எதிர்பார்க்கக்கூடிய எண்களே. ரத்தக்கசிவு இல்லை. காய்ச்சல் தணிந்து, ஏழாம் நாளில் வீடு திரும்பினார்.

டெங்குவில் இறங்கிய தட்டணுக்கள் பொதுவாக ஒன்றிரண்டு வாரங்களுக்குள் பழைய நிலைக்கு ஏறிவிடும். இவருக்கு ஏறின, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டன. ஆறு வாரம் கழித்தும் எண்ணிக்கை 1,18,000. அந்த எண்ணைப் பார்த்த பிறகே, சேர்க்கையின்போது எழுதப்பட்ட வரலாற்றுத் தாளின் கடைசி வரி மீண்டும் படிக்கப்பட்டது: “எட்டு ஆண்டுகளாக எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்; ஆண்டுதோறும் எல்.எஃப்.டி. (கல்லீரல் ரத்தப் பரிசோதனை) பார்க்கிறார், எல்லாம் நார்மல்.”

எட்டு ஆண்டுப் பதிவுகள்

தொற்று இருப்பது 38-ஆம் வயதில், ரத்ததான முகாம் ஒன்றுக்குப் பிறகு தெரியவந்தது. அவர் கொடுத்த ரத்தம் ஏற்கப்படவில்லை; எச்.பி.எஸ்.ஏ.ஜி. எனப்படும் மேற்பரப்பு ஆன்டிஜென் இருப்பதாகக் கடிதம் வந்தது. அந்த ஆன்டிஜென் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் தொற்று நாட்பட்டது எனக் கொள்வது வழக்கம். அடுத்த ஆண்டும் அது பாசிட்டிவாகவே இருந்ததால், ‘கேரியர்’ என்ற சொல்லை அவரிடம் யாரோ சொன்னார்கள். அவரும் அவர் குடும்பத்தாரும் அந்தச் சொல்லை ‘நோய் இல்லை, கிருமி மட்டும் உடம்பில் இருக்கிறது’ என்று புரிந்துகொண்டார்கள். இந்த நோயில் இவ்வளவு தீங்கு செய்த சொல் வேறொன்று உண்டா என்பது எனக்கு ஐயமே.

அவர் அலட்சியக்காரர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். பட்டறைச் சங்கம் நடத்தும் மருத்துவ முகாமில் ஒவ்வோர் ஆண்டும் ரத்தம் கொடுத்து, அறிக்கைகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக வைத்திருந்தார். அந்த உறை இல்லாமல் இந்த ஆய்வு எழுத முடிந்திராது. முகாமில் சில ஆண்டுகள் எஸ்.ஜி.பி.டி. மட்டும் பார்த்திருக்கிறார்கள், சில ஆண்டுகள் இரண்டு நொதிகளையும் பார்த்திருக்கிறார்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை தனித் தாளில் வந்தது. எஸ்.ஜி.பி.டி.க்கு எதிரே ஆய்வகம் அச்சிட்டிருந்த உச்ச வரம்பு 56. அவருடைய எண் ஒருமுறைகூட அதைத் தாண்டவில்லை. நான்காம் ஆண்டில் எஸ்.ஜி.ஓ.டி. 48 என வந்து தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. தீபாவளிக்கு மறுவாரம் எடுத்த ரத்தம் என்பதால் அதற்கான காரணமும் எளிதில் கிடைத்துவிட்டது. உண்மையில் அவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் குடிப்பவர் அல்லர்.

உறையிலிருந்த தாள்களில் இரண்டு நொதிகளும் தட்டணுக்களும் ஒருசேரக் கிடைத்த நாள்களை மட்டும் எடுத்து, கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று கணிக்கும் ஏப்ரி, ஃபிப்-4 ஆகிய இரு குறியீடுகளையும் கணக்கிட்டபோது கிடைத்தது கீழே உள்ளது. கடைசி வரி சிகிச்சைக்குப் பிந்தையது; அதைப் பின்னர் பார்ப்போம்.

| காலம் | வயது | எஸ்.ஜி.ஓ.டி. | எஸ்.ஜி.பி.டி. | தட்டணுக்கள் | ஏப்ரி | ஃபிப்-4 |
|---|---|---|---|---|---|---|
| முதல் பரிசோதனை | 38 | 36 | 40 | 2,12,000 | 0.42 | 1.02 |
| நான்காம் ஆண்டு | 42 | 48 | 46 | 1,64,000 | 0.73 | 1.81 |
| டெங்குவின் ஐந்தாம் நாள் | 46 | 142 | 78 | 61,000 | 5.82 | 12.1 |
| ஆறு வாரம் கழித்து | 46 | 61 | 43 | 1,18,000 | 1.29 | 3.63 |
| சிகிச்சையின் 48-ஆம் வாரம் | 47 | 31 | 26 | 1,31,000 | 0.59 | 2.18 |

எஸ்.ஜி.பி.டி. நிரலை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால், டெங்குவைத் தவிர எட்டு ஆண்டுகளில் ஒன்றுமே நடக்கவில்லை: 40, 46, 43. தட்டணு நிரலைப் படித்தால், அதே எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. இரண்டும் ஒரே ஆளின் ரத்தம்தான். நான்காம் ஆண்டின் 1,64,000 என்ற எண்ணும் ஆய்வகத்தின் கீழ் வரம்பான ஒன்றரை லட்சத்துக்கு மேலேயே இருந்ததால், அதற்கு எதிரேயும் எந்தக் குறியும் இடப்படவில்லை. ஒரு எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், அந்த எண் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பதற்கும் உள்ள தூரத்தில்தான் இவருடைய நான்கு ஆண்டுகள் கழிந்தன.

இரு குறியீடுகளும் அவற்றின் கணக்கும்

ஏப்ரி என்பது மிகச் சிக்கனமான கணக்கு. நோயாளியின் எஸ்.ஜி.ஓ.டி.யை ஆய்வகத்தின் உச்ச வரம்பால் வகுத்து, நூறால் பெருக்கி, வரும் எண்ணைத் தட்டணு எண்ணிக்கையால், ஆயிரங்களில் எடுத்துக்கொண்டு, மீண்டும் வகுக்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி.க்கு அந்த உச்ச வரம்பு 40. இவருக்கு 61-ஐ 40-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 152.5, அதை 118-ஆல் வகுத்தால் 1.29. ஃபிப்-4 கணக்கில் வயதும் சேரும்: வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்கி, தட்டணுக்களையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுப்பது. ஏப்ரி 2003-ல் ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடமும், ஃபிப்-4 2006-ல் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் ஒருசேர உடையவர்களிடமும் உருவாக்கப்பட்டவை. ஹெபடைடிஸ் பி-க்கு இரண்டுமே இரவல் கருவிகள். ஹெபடைடிஸ் பி-யில் நொதிகள் அலைபோல் ஏறி இறங்கும் என்பதால் இந்த இரவல் சில இடங்களில் பொருந்தாமல் போகும் என்பதை மறக்கலாகாது.

இந்த வாய்பாடுகளில் தட்டணுக்கள் ஏன் வருகின்றன என்பதற்கு உடலியங்கியல் காரணம் தெளிவாக உண்டு. கல்லீரலில் நார்த்தழும்பு கூடக் கூட, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் ரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. மண்ணீரல் வீங்கி, ஓடவேண்டிய தட்டணுக்களைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது. தட்டணுக்களை உண்டாக்குமாறு எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் திராம்போபாய்ட்டின் என்ற இயக்குநீர் பெரும்பாலும் கல்லீரலிலேயே சுரப்பதால், அதுவும் குறைகிறது. எனவே வேறு காரணம் இல்லாதபோது படிப்படியாக இறங்கும் தட்டணு எண்ணிக்கை, பல ஆண்டுகளாகச் சேர்ந்த சேதத்தின் கணக்கேடு.

எஸ்.ஜி.பி.டி. சொல்வது வேறு. கல்லீரல் செல் சிதையும்போது கசியும் நொதி அது. ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு நாளில் பாதியாகிவிடும். ஆகவே இன்றைய எண் கடந்த சில நாள்களின் சிதைவைத்தான் காட்டும். போன ஆண்டு என்ன நடந்தது என்பதற்கு அதில் பதிவில்லை. மேலும், ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லைத் தானாகக் கொல்வது அரிது. தொற்றிய செல்களைத் தேடி அழிப்பது உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே. அந்தத் தாக்குதல் இடைவிட்டு இடைவிட்டு நடப்பதால், ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் இரண்டு அலைகளுக்கு இடையேயான பள்ளத்தில் விழுகிறது. தழும்பு முற்றிய பிறகு கசிவதற்கு எஞ்சும் செல்களே குறைந்துபோவதும் உண்டு, எஸ்.ஜி.ஓ.டி.யை ரத்தத்திலிருந்து அகற்றும் வேகமும் அப்போது தளர்கிறது. எஸ்.ஜி.பி.டி.யைவிட எஸ்.ஜி.ஓ.டி. கூடுதலாக வரும் தலைகீழ் விகிதம், குடிப்பழக்கம் இல்லாதவரிடம், இதனால்தான் சிரோசிஸை, அதாவது கல்லீரல் சுருக்கத்தை, நினைவூட்ட வேண்டும். முதல் ஆண்டில் 36-க்கு 40. நான்காம் ஆண்டில் 48-க்கு 46. கடைசியில் 61-க்கு 43. விகிதம் புரண்டது நான்காம் ஆண்டில்.

‘நார்மல்’ என்ற வரம்பு

56 என்ற உச்ச வரம்பு எங்கிருந்து வந்தது? ஆய்வகங்கள் தம் இயந்திரத்தோடும் வேதிப்பொருள் பெட்டியோடும் வரும் வரம்பையோ, நலமானவர்கள் என்று தாம் கருதும் ஒரு கூட்டத்தின் ரத்தத்திலிருந்து எடுத்த வரம்பையோ அச்சிடுகின்றன. அந்தக் கூட்டத்தில் கொழுப்புக் கல்லீரல் உடையவர்களும் கலந்திருந்தால் வரம்பு தானே மேலே போய்விடும். 2002-ல் இத்தாலியின் மிலானில் முதன்முறை ரத்தம் கொடுக்க வந்த 6,835 பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வாளர்கள், உடல் பருமன், கொழுப்பு, சர்க்கரை, மருந்துப் பயன்பாடு ஆகியவற்றில் குறை இல்லாதவர்களை மட்டும் பிரித்தெடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் உச்ச வரம்பு ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று முன்வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஹெபடைடிஸ் பி வழிகாட்டுதலும் இந்த எண்களையே கொள்கிறது. அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர் சங்கம் 2018-ல் ஆண்களுக்கு 35, பெண்களுக்கு 25 என்று சற்றுத் தளர்த்தி வைத்தது. எந்த அளவுகோலை எடுத்தாலும், நம் நோயாளியின் எண் முதல் நாளிலிருந்தே கூடுதல்தான். ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று தெரிந்த ஒருவரின் அறிக்கையை அச்சிட்ட வரம்போடு ஒப்பிட்டுப் படிப்பதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த கட்டப் பரிசோதனைகள்

டெங்குவின் ஐந்தாம் நாளில் கணக்கிட்டால் ஏப்ரி 5.82, ஃபிப்-4 12.1. இவற்றை அப்படியே நம்பியிருந்தால் அது பழைய தவற்றின் மறுபக்கமாகியிருக்கும். டெங்கு தட்டணுக்களை இறக்கும், எஸ்.ஜி.ஓ.டி.யை ஏற்றும், இரண்டும் சூத்திரத்தை ஒரே திசையில் தள்ளும். கல்லீரலே நலமாக உள்ளவருக்கும் அந்த நாள்களில் இத்தகைய எண் வரக்கூடும். ஆகவே கடும் காய்ச்சலின்போதோ, நொதிகள் பன்மடங்கு ஏறிய வேளையிலோ இக்குறியீடுகளைக் கணக்கிடாமல், ஆறு வாரம் காத்திருந்து எடுத்த எண்களே முடிவுக்கு அடிப்படையாக்கப்பட்டன.

அப்போதும் ஏப்ரி 1.29. இங்கே ஒரு வரலாறு குறுக்கிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், சிரோசிஸ் என்று கொள்ள ஏப்ரி 2-ஐத் தாண்டவேண்டும் என்றது. அந்த வரம்பில் பிடிபடுபவர்களுக்குப் பெரும்பாலும் சிரோசிஸ் இருக்கும். ஆனால் சிரோசிஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் அதில் பிடிபடமாட்டார்கள். 2024 மார்ச்சில் வந்த திருத்திய வழிகாட்டுதல், குறிப்பிடத்தக்க தழும்புக்கு 0.5, சிரோசிஸுக்கு 1 என வரம்புகளை இறக்கியது. பழைய வரம்பில் இவர் இன்னும் வெளியே நின்றிருப்பார். புதிய வரம்பில், நான்காம் ஆண்டின் 0.73-லேயே சிகிச்சைக்கு உரியவராகியிருப்பார். அந்த ஆண்டில் புதிய வழிகாட்டுதல் இருக்கவில்லை என்பது நியாயமான பதில்தான். ஆனால் ஃபிப்-4 அப்போதே 1.81, 1.45-க்கு மேல் போனால் மேலும் ஆராய வேண்டும் என்ற வரம்பு 2006 முதல் இருக்கிறது. கணக்குப் போட யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

வைரஸின் டி.என்.ஏ. அளவு மில்லிலிட்டருக்கு 38,000 சர்வதேச யூனிட். வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் வெளிப்படும் புரதமான ஈ-ஆன்டிஜென் நெகட்டிவ், அதற்கான எதிர்ப்பொருள் பாசிட்டிவ். ஈ-ஆன்டிஜென் மறைந்தால் வைரஸ் ஒடுங்கிவிட்டது என்று பொருள்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பலரிடம் அது உண்மையும்கூட. ஆனால் வைரஸ் தன் மரபுத்தொடரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு, ஈ-ஆன்டிஜெனை உண்டாக்காமலே பெருகும் திரிபுகள் உண்டு. இந்தியாவில் பரவலாக உள்ள டி மரபுவகையில் இது வழக்கமாகக் காணப்படுவது. ஒருவர் உண்மையிலேயே ஒடுங்கிய நிலையில் இருக்கிறாரா என்பதை டி.என்.ஏ. 2,000-க்குக் கீழே நிலைத்திருக்கிறதா என்று பார்த்தும், நொதிகளை முதல் ஓராண்டில் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அளந்தும்தான் சொல்ல முடியும். இவருக்கு எட்டு ஆண்டுகளில் டி.என்.ஏ. ஒருமுறைகூட அளக்கப்படவில்லை.

டி.என்.ஏ. அளவுக்கு இவ்வளவு எடை கொடுப்பதற்குப் பின்னால் தைவானில் ஏழு ஊர்களில் நடந்த நெடிய ஆய்வு நிற்கிறது. 1991, 1992 ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட 3,653 தொற்றாளர்களைச் சராசரியாக 11.4 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2006-ல் வெளியிட்ட முடிவின்படி, டி.என்.ஏ. 300 பிரதிகளுக்குக் கீழே இருந்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் இருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் கல்லீரல் புற்றுநோய் வந்தது. ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் எஸ்.ஜி.பி.டி. வழக்கமான வரம்புக்குள்ளேயே இருந்தது என்பதே நம் நிகழ்வுக்கு வேண்டிய செய்தி. தைவானில் பரவிய மரபுவகைகள் பி-யும் சி-யும் ஆகையால், அந்தச் சதவீதங்களை நம் நோயாளிகள்மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது சரியாகாது. போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றில் செய்த ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலின் விறைப்பு 16.8 கிலோபாஸ்கல். சாப்பிட்டவுடன் செய்தாலும், அழற்சி பொங்கும் வேளையில் செய்தாலும் இந்த எண் பொய்யாக ஏறும் என்பதால் நேரம் பார்த்துச் செய்யப்பட்டது. 12.5-க்கு மேல் சிரோசிஸ் என்பது 2024 வழிகாட்டுதலின் வரம்பு. அல்ட்ராசவுண்டில் கல்லீரலின் பரப்பு சொரசொரப்பாகவும், மண்ணீரல் 13.8 செ.மீ. நீளமாகவும் தெரிந்தன, கட்டி இல்லை, வயிற்றில் நீர் இல்லை. கல்லீரல் புற்றுநோயின் குறிப்பானான ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் 6. அல்புமின் 3.6, பிலிருபின் 1.3, ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.2 என்பதால், கல்லீரலின் வேலைத்திறனை எடைபோடும் சைல்டு-பியூ கணக்கில் 5 புள்ளி, அதாவது ‘ஏ’ நிலை: தழும்பு முற்றியிருக்கிறது, வேலைத்திறன் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. ஹெபடைடிஸ் சி, டி, எச்.ஐ.வி. மூன்றும் நெகட்டிவ். விறைப்பு 20-க்குக் கீழும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் இருந்தால் எண்டோஸ்கோபியைத் தவிர்க்கலாம் என்பது, போர்ட்டல் சிரை அழுத்தம் பற்றிக் கூடும் நிபுணர்களின் பவேனோ கூட்டத்தின் பரிந்துரை. இவருக்கு முதல் நிபந்தனை மட்டுமே நிறைவேறியதால் எண்டோஸ்கோபி செய்யப்பட்டது. உணவுக்குழாயில் சிறிய அளவில் புடைத்த சிரைகள் தெரிந்தன.

ஊசியால் திசு எடுக்கும் பயாப்சி தேவைப்படவில்லை. ஊசி எடுப்பது கல்லீரலின் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு; தழும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிவதில்லை. ரத்தக் குறியீடுகள், விறைப்பு, ஸ்கேன், எண்டோஸ்கோபி நான்கும் ஒரே பதிலைச் சொல்லும்போது, தட்டணு குறைந்த ஒருவரை ஊசியால் குத்துவதில் பயன் இருப்பதாகத் தோன்றவில்லை.

கீழாநெல்லி பற்றிய இடைக்குறிப்பு

நோயாளி தயங்கித் தயங்கிச் சொன்ன செய்தி ஒன்று உண்டு: முதல் இரண்டு ஆண்டுகள் தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்திருக்கிறார். அதன் பிறகு வந்த எஸ்.ஜி.பி.டி. வரம்புக்குள் இருந்ததால் குணமாகிவிட்டது என்று நிறுத்தியும்விட்டார். இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் பிறரும், ஹெபடைடிஸ் பி ஆன்டிஜெனைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பர்க்கும் சேர்ந்து, 1988-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்ததாகவும், வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்ததாகவும் இருந்தது. மருந்து முடிந்து 15 முதல் 20 நாள்களுக்குள் பார்த்த முடிவு அது. பின்னர் பிற நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் இந்தப் பலன் திரும்ப வரவில்லை. செடியின் மேல் எனக்கு வழக்கில்லை. குணமானதா என்று அளக்க இவர் எடுத்துக்கொண்ட எண் எஸ்.ஜி.பி.டி. என்பதே குறை, மேற்பரப்பு ஆன்டிஜென் அன்றும் பாசிட்டிவாகத்தான் இருந்தது.

சிகிச்சையும் அதன் பின்னும்

சிரோசிஸ் இருக்கும்போது டி.என்.ஏ. எவ்வளவு, நொதி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிராமல் மருந்தைத் தொடங்க வேண்டும். வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் 300 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று, தொடங்கப்பட்டது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சிகிச்சை மையங்களில் இம்மருந்து இலவசம். கிரியாட்டினின், பாஸ்பேட் அளவுகளை இடைவெளி விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது, இம்மருந்து சிலரிடம் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும் என்பதால். புடைத்த சிரைகளுக்காக, போர்ட்டல் சிரையின் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் என்ற மருந்து குறைந்த அளவில் சேர்க்கப்பட்டது. வைரஸின் மரபுப்பொருள் செல்லின் உட்கருவில் வளையமாகத் தங்கிவிடுவதால் மருந்து அதை வேரோடு அகற்றாது, பெருகாமல் அடக்கும். தானாக மாத்திரையை நிறுத்தினால் பொங்கியெழும் அழற்சியை இந்தக் கல்லீரல் தாங்காது. இதை விளக்கத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆனது. “வாழ்நாள் முழுக்கவா டாக்டர்?” என்று அவர் கேட்டதற்கு, ஆம் என்பதைத் தவிர வேறு நேர்மையான பதில் இல்லை.

48-ஆம் வாரத்தில் டி.என்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. விறைப்பு 11.9 கிலோபாஸ்கல், ஏப்ரி 0.59, ஃபிப்-4 2.18. சிரோசிஸ் போய்விட்டது என்று இந்த எண்களைக் காட்டிச் சொல்லும் ஆசை எழும். ஆனால் ஏப்ரி 1.29-லிருந்து 0.59-க்கு இறங்கியதில் பெரும்பங்கு எஸ்.ஜி.ஓ.டி. 61-லிருந்து 31 ஆனதால் விளைந்தது. தட்டணுக்கள் ஏறியது 13,000 மட்டுமே. விறைப்பிலும் அழற்சியின் பங்கு கழிந்ததே முதலில் தெரியும். அழற்சி தணிந்தது உறுதி, தழும்பு கரைந்ததா என்பதை இக்குறியீடுகள் சிகிச்சையின்போது சரியாகச் சொல்லமாட்டா. தழும்பு கரையவே கரையாது என்பதும் இல்லை: டெனோஃபோவிர் உண்ட 348 பேரிடம் தொடக்கத்திலும் ஐந்தாம் ஆண்டிலும் பயாப்சி செய்து 2013-ல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாண்டு முடிவில் அது இல்லை. அது ஐந்து ஆண்டுக் கணக்கு. இவருக்கு நடந்திருப்பது ஓர் ஆண்டு. எண்கள் எவ்வளவு அழகாக வந்தாலும், புற்றுநோய்க்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் அல்ட்ராசவுண்டை நிறுத்துவதற்கில்லை. வயது, பாலினம், தட்டணு மூன்றையும் கொண்டு கணிக்கும் பேஜ்-பி கணக்கில் அவருக்கு 16 புள்ளி, நடுத்தர அபாயம். சிரோசிஸ் இருப்பதால் அந்தக் கணக்கு இல்லாமலேயே கண்காணிப்பு கட்டாயம்.

குடும்பம்

பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்று பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்டதாக நிலைக்கிறது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அப்படி ஆகிறது. ஆகையால் ஒருவருக்கு நாட்பட்ட தொற்று இருந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது உடன்பிறந்தவர்களைத்தான். இவருடைய தாய்க்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ். அண்ணன் ஒருவர் ஐம்பதாம் வயதில் வயிற்றில் நீர் கோத்து இறந்திருக்கிறார். ‘குடித்துக் கெட்டான்’ என்பது ஊர் சொன்ன காரணம். அவருக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனை எதுவும் செய்யப்பட்டதாகத் தாள் இல்லை. மனைவிக்குத் தொற்றும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. மூன்று தவணைத் தடுப்பூசி போடப்பட்டது. பிள்ளைகள் இருவருக்கும் குழந்தையிலேயே தடுப்பூசி போட்டிருந்தது, எதிர்ப்பொருள் போதிய அளவில் இருந்தது.

தங்கைக்கு 43 வயது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ், அவருக்கு அதுவரை தெரியாது. எஸ்.ஜி.ஓ.டி. 34, எஸ்.ஜி.பி.டி. 31, தட்டணுக்கள் 1,92,000. ஏப்ரி 0.44, ஃபிப்-4 1.37, இரண்டும் வரம்புக்குச் சற்றுக் கீழே. டி.என்.ஏ. 5,600. பெண்களுக்கு எஸ்.ஜி.பி.டி.யின் உச்ச வரம்பு 19 என்று கொண்டால் 31 கூடுதல்; டி.என்.ஏ. 2,000-க்கு மேல், குடும்பத்தில் சிரோசிஸ் உண்டு. 2024 வழிகாட்டுதலின்படி சிகிச்சைக்கு இந்தக் காரணங்களே போதும் என்பதால், ஃபைப்ரோஸ்கேனுக்கு நாள் குறித்துவிட்டு, அதற்குக் காத்திராமல் அன்றே மாத்திரை எழுதப்பட்டது. அவர் கொண்டுவந்த அறிக்கையில் 31-க்கு எதிரே ‘நார்மல்’ என்றுதான் அச்சாகியிருந்தது.